கருவியும் உடைமையும்: கட்டளை வரியின் வரலாறு

ஏரின் முனை எவ்வாறு கூராயிற்று என்று கூறுவது உழவின் வரலாற்றிற் பாதியே. ஏரும் நிலமும் யாருடையவாக இருந்தன என்பதே அதன் மறுபாதி. கைத்தறிக்கும் நீராவி எந்திரத்துக்கும் பொருந்துகின்ற இவ்வுண்மை நம் காலத்துக் கணினிக்கும் பொருந்தும். எந்த ஒரு கருவியின் வரலாற்றையும் அதன் உடைமையின் வரலாற்றிலிருந்து பிரித்துப் பார்ப்போமாயின், அக்கருவி வானத்திலிருந்து விழுந்ததொரு விந்தைப் பொருளாகவே நமக்குத் தோன்றும். அதனைப் படைத்த கைகள் மறைந்துவிடும்.

பாடசாலையிலும் அலுவலகத்திலும் மேசைமேல் இருக்கும் கணினியை எடுத்துக்கொள்வோம். திரையிலே சிறு சிறு படங்கள். அவற்றைச் சுட்டினால் சாளரங்கள் திறக்கின்றன. பெரும்பாலானோர் அறிந்த கணினி இதுவே. ஆயின், அந்தப் படங்களுக்குப் பின்னால் மற்றொரு வாயில் உண்டு. அங்கே படங்கள் இல்லை, வெறும் எழுத்துக்களே. ஒரு வரியிற் கட்டளையைத் தட்டெழுதினால் கணினி அதனை நிறைவேற்றி விடையையும் எழுத்திலேயே தருகின்றது. இதனையே கட்டளை வரி என்கின்றோம். பல்லாயிரம் பெயர்கள் கொண்ட பட்டியலொன்றிலிருந்து ஓர் ஊரவரை மட்டும் பிரித்தெடுக்க 'கிரெப்' என்றொரு கருவி. அவர்களை வரிசைப்படுத்த 'சோர்ட்' என்றொரு கருவி. எண்ணிக்கை காண 'டபிள்யூசி' என்றொரு கருவி. ஒன்றன் விடையை மற்றொன்றுக்கு ஊட்டி மூன்றையும் ஒரே வரியிற் கோத்துவிடலாம். கண் இமைக்கும் நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

இத்தகைய சிறு கருவிகள் பல நூறு உள்ளன. அவற்றிற்கு விலை இல்லை. அவை எவ்வாறு எழுதப்பட்டன என்பதைக் காட்டும் மூலநிரலை எவரும் எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கு வழங்கலாம். இலாபத்தையே உயிர்மூச்சாகக் கொண்ட ஒரு தொழிற்றுறையின் நடுவே இப்படியொரு பொதுச்சொத்து எவ்வாறு தோன்றியது? எவ்வாறு நிலைத்தது? இவ்வினாக்களுக்கு விடை காண நாம் அரை நூற்றாண்டுக்கு மேற் பின்னோக்கிச் செல்லல் வேண்டும்.

தோற்றம்

ஐக்கிய அமெரிக்காவின் தொலைபேசித் தொழிலை நெடுங்காலம் தன் பிடியில் வைத்திருந்தது ஏ.ரி.அன்ட்.ரி. என்னும் பெரும் கொம்பனி. அதன் ஆராய்ச்சிப் பிரிவே நியூ ஜேர்சி மாநிலத்திலிருந்த பெல் ஆய்வுகூடம். பலர் ஒரே வேளையிற் பயன்படுத்தத்தக்க 'மல்டிக்ஸ்' என்னும் பாரிய கணினி முறைமையை மசாசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்துடனும் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்துடனும் சேர்ந்து உருவாக்கும் முயற்சியில் அது ஈடுபட்டிருந்தது. வேலை நீண்டுகொண்டே போனதால் 1969ஆம் ஆண்டிலே பெல் ஆய்வுகூடம் அதிலிருந்து விலகிக்கொண்டது. அம்முயற்சியிற் பங்குபற்றிய கென் தொம்சன், டெனிஸ் றிச்சி முதலானோர், அதிகம் பயன்படாது கிடந்த சிறிய பி.டி.பி.-7 கணினியொன்றில் எளிமையான ஒரு முறைமையை எழுதத் தொடங்கினர். அதுவே பின்னர் 'யுனிக்ஸ்' எனப் பெயர் பெற்றது.

புதிய கணினியொன்றை வாங்கித் தருமாறு அவர்கள் கேட்டபோது, பணிசெயல் முறைமை எழுதப்போகின்றோம் என்று கேட்கவில்லை. ஆவணங்களைத் தயாரிக்கும் கருவி செய்து தருவோம் என்றே கேட்டனர். 1971ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே ஆய்வுகூடத்தின் காப்புரிமைப் பிரிவைச் சேர்ந்த மூன்று தட்டெழுத்தாளர்கள் நாள் முழுவதும் அதிலமர்ந்து விண்ணப்பங்களைத் தட்டெழுதித் திருத்தி ஒழுங்கு செய்தனர். யுனிக்ஸ் முறைமையை அன்றாட வேலையிற் சோதித்துப் பார்த்த முதற் பயனாளர்கள், பெயர் பதியப்படாத இந்தத் தட்டெழுத்துத் தொழிலாளர்களே. மேதைகளின் பெயர்களை மட்டும் நிரற்படுத்தும் வரலாறுகள் இதனைக் கவனிக்கத் தவறிவிடுகின்றன.

ஒரு நிரலின் விடையை மற்றொரு நிரலுக்குள்ளே செலுத்தும் வழி வேண்டுமென்று அதே ஆய்வுகூடத்தைச் சேர்ந்த டக்ளஸ் மக்கில்றோய் 1964ஆம் ஆண்டிலேயே எழுதிவைத்திருந்தார். தோட்டத்து நீர்க்குழாய்த் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்துவதை அவர் உவமை காட்டினார். 'குழாய்' என்ற பெயரிலேயே அவ்வசதி 1973ஆம் ஆண்டு யுனிக்ஸின் மூன்றாம் பதிப்புக் கைந்நூலில் இடம்பெற்றது. ஒவ்வொரு கருவியும் ஒரு வேலையை மட்டும் செம்மையாகச் செய்யட்டும். பெரிய வேலைகளுக்குக் கருவிகள் கூடி உழைக்கட்டும் என்னும் கோட்பாடு இதிலிருந்து வளர்ந்தது.

கிரெப் என்னும் கருவி பிறந்த வரலாறு இலக்கிய மாணவருக்குச் சுவை தருவது. அமெரிக்க அரசியல் யாப்பை ஆதரித்து 1787, 1788ஆம் ஆண்டுகளில் ஒரே புனைபெயரில் வெளிவந்த 85 கட்டுரைகளுட் சிலவற்றை எழுதியவர் யார் என்பது நெடுநாளைய சர்ச்சை. லீ மக்மேகன் என்னும் ஆய்வாளர் சொல்லாட்சியை ஆராய்ந்து அதற்கு முடிவு காண முயன்றார். அக்கட்டுரைகளின் தொகுதியோ அன்றைய உரைத்திருத்தியின் நினைவகத்தில் அடங்கவில்லை. எனவே, தேடும் பகுதியை மட்டும் உரைத்திருத்தியிலிருந்து பிரித்தெடுத்துத் தொம்சன் தனிக் கருவியாக்கினார். இன்று உலகெங்கும் பொறியியலாளர்கள் நாள்தோறும் எடுத்தாளும் கருவியொன்று, பழைய கட்டுரைகளின் ஆசிரியரைத் தேடியதன் விளைவாகப் பிறந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

பொதுவாக இருந்த காலம்

இவையனைத்தும் ஒரு தனியார் கொம்பனியின் சம்பளத்தில் நடந்தவை. அப்படியாயின் அவை எவ்வாறு வெளியே வந்தன? கொம்பனியின் தாராள மனமா காரணம்? இல்லை, சட்டமே காரணம். அக்கொம்பனியின் ஏகபோகத்துக்கு எதிராக அமெரிக்க அரசு 1949ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தது. 1956ஆம் ஆண்டில் ஏற்பட்ட இணக்கத் தீர்ப்பின்படி, தொலைத்தொடர்புச் சேவைக்குப் புறம்பான வணிகங்களில் அது இறங்குதல் தடைசெய்யப்பட்டது. ஆகவே யுனிக்ஸை ஒரு வாணிகப் பொருளாகச் சந்தையில் விற்க அதனால் இயலவில்லை. பல்கலைக்கழகங்கள் கேட்டபோது சிறு தொகை பெற்றுக்கொண்டு மூலநிரலோடு அனுப்பிவைத்தது. பிழை திருத்தித் தரும் பொறுப்பு எதனையும் அது ஏற்கவில்லை.

கைவிடப்பட்டவர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொண்டனர். ஒரு பல்கலைக்கழகத்திற் கண்டுபிடிக்கப்பட்ட பிழைக்கு மற்றொன்று திருத்தம் அனுப்பியது. கலிபோர்ணியாவின் பேர்க்லிப் பல்கலைக்கழக மாணவர்கள் புதிய கருவிகளைச் சேர்த்து நாடாக்களிற் பதிந்து வழங்கினர். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது சந்தையின் விதிகளுக்கு முரணான செயலாகத் தோன்றலாம். ஆனால் அறிவுத்துறையில் உழைப்போருக்கு இஃது இயல்பான நெறியே.

இக்காலத்தின் மிகச் சிறந்த அடையாளம் ஓர் ஆசிரியரின் பணியாகும். அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்திற் கற்பித்த ஜோன் லயன்ஸ், யுனிக்ஸ் ஆறாம் பதிப்பின் கருப்பகுதியை, ஏறத்தாழ 9,000 வரிகளை, தம் மாணவர்களுக்காக அச்சிட்டு, அதற்குப் பகுதி பகுதியாக விளக்கவுரை எழுதினார். 1976, 1977ஆம் ஆண்டுகளில் இவை இரு சிறு நூல்களாயின. தொல்காப்பியத்துக்கும் திருக்குறளுக்கும் உரைகண்ட மரபிலே வந்த நமக்கு இப்பணியின் பெருமையை விளக்க வேண்டியதில்லை. உரையாசிரியர் ஒருவர் மூலத்தை மாணவன் கையிற் கொடுத்து, இதோ பார், இதில் மறைபொருள் எதுவுமில்லை, மனிதரே எழுதியது, நீயும் எழுதலாம் என்று காட்டினார்.

வேலி போடப்பட்டது

யுனிக்ஸின் விலைமதிப்பைக் கொம்பனி உணரத் தொடங்கியது. 1979ஆம் ஆண்டு வெளிவந்த ஏழாம் பதிப்பின் உரிமப் பத்திரம், அதன் மூலநிரலை வகுப்பறையிற் பாடமாகக் கற்பிப்பதைத் தடைசெய்தது. லயன்ஸின் நூலுக்கும் வழி அடைபட்டது. ஆயினும் மாணவர் அதனை விட்டாரல்லர். போட்டோப் பிரதியின் பிரதியிலிருந்து பிரதி எடுத்து, எழுத்து மங்கிய தாள்களிலே ஒரு தலைமுறை அதனைக் கற்றது. சட்டப்படி அந்நூல் மீண்டும் வெளிவந்தது 1996ஆம் ஆண்டிலேயாகும். அதற்கு இரண்டு ஆண்டுகளின் பின்னர் லயன்ஸ் காலமானார்.

1984ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி ஏ.ரி.அன்ட்.ரி. கொம்பனி பிரிக்கப்பட்டது. பழைய தடையும் அத்துடன் நீங்கியது. ஏகபோகத்தை உடைக்க எடுத்த நடவடிக்கையே யுனிக்ஸைச் சந்தைப் பொருளாக்கும் வாயிலையும் திறந்துவிட்டமை வரலாற்றின் முரண்களுள் ஒன்று. இங்கிலாந்திலே ஊருக்குப் பொதுவான மேய்ச்சல் நிலங்கள் சட்டத்தின் துணையோடு வேலியிடப்பட்ட கதையை நாம் படித்திருக்கின்றோம். அங்கே நிலத்துக்கு நடந்தது இங்கே நிரலுக்கு நடந்தது. பலருடைய கூட்டுழைப்பால் வளம்பெற்றதொரு வெளிக்கு ஒருவர் வேலியிட்டு, உழைத்தவர்களையே வாடகை கேட்டார்.

நெதர்லாந்திற் கற்பித்த அன்ட்ரூ டனன்பௌம் இதற்கு விடையாக, ஏ.ரி.அன்ட்.ரி. நிரலில் ஒரு வரியும் கலவாத 'மினிக்ஸ்' என்னும் சிறு முறைமையை மாணவர்களுக்கென்றே எழுதி 1987ஆம் ஆண்டிற் பாடநூலுடன் வெளியிட்டார். தடைக்கு எதிரான முதற் குரல்களுட் பல வகுப்பறையிலிருந்தே எழுந்தன என்பதை ஆசிரியராகிய நாம் மறத்தலாகாது.

மீட்சி

வேலியை அகற்றுவதற்குத் துணிச்சல் மட்டும் போதாது. மீண்டும் வேலி எழாதவாறு காக்கும் ஏற்பாடும் வேண்டும். இதனைத் தெளிவாக உணர்ந்தவர் மசாசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்திற் பணியாற்றிய றிச்சர்ட் ஸ்டோல்மன். 1983ஆம் ஆண்டு செப்ரெம்பர் 27ஆந் திகதி, யுனிக்ஸுக்கு ஒத்ததும் அனைவரும் பகிரத்தக்கதுமான 'க்னூ' என்னும் முழு முறைமையொன்றை எழுதப்போவதாக அவர் அறிவித்தார். தம் உழைப்பின் மீது நிறுவனம் உரிமை கோராதிருக்கும்பொருட்டு 1984 சனவரியில் வேலையையும் துறந்தார். 1985ஆம் ஆண்டிற் கட்டற்ற மென்பொருள் அறநிலையம் தோன்றியது.

மேலைத்தேயத்தவரை நெடுங்காலம் குழப்பிய சொல்லொன்று இங்கே உண்டு. ஆங்கிலத்தில் விலையின்மைக்கும் விடுதலைக்கும் ஒரே சொல். தமிழிலே இலவசம் வேறு, சுதந்திரம் வேறு. கோயில் வாசலிற் பெறும் அன்னதானம் இலவசம். தன் நிலத்தில் தான் விதைத்து உண்பது சுதந்திரம். ஸ்டோல்மன் கோரியது இரண்டாவதையே. இயக்கவும், கற்று மாற்றவும், பிரதி வழங்கவும், மாற்றியதை வழங்கவும் உள்ள உரிமைகளை அவர் வலியுறுத்தினார். எவரும் காசு பெற்று விற்பதை அவர் தடுக்கவில்லை. தாமே நாடாக்களிற் பதிந்து 150 டொலருக்கு விற்றார்.

1989ஆம் ஆண்டு வெளியான பொது உரிமப் பத்திரமே அவருடைய அரசியற் சாதனை. பதிப்புரிமைச் சட்டம் பிறரைத் தடுப்பதற்கென எழுந்தது. அதே சட்டத்தை அவர் தலைகீழாக நிறுத்தினார். இந்நிரலை யாரும் எடுக்கலாம், மாற்றலாம். ஆனால் மாற்றியதைப் பிறருக்கு வழங்கும்போது அதே உரிமைகளை மூலநிரலோடு அவர்களுக்கும் வழங்கல் வேண்டும். பொதுவெளிக்கு வந்தது மீண்டும் தனியார் வேலிக்குள் அடைபடாமற் காக்கும் ஏற்பாடு இது. இவ்வுரிமத்தின் நிழலில் யுனிக்ஸின் சிறு கருவிகள் ஒவ்வொன்றாக மீண்டும் எழுதப்பட்டன. கிரெப் எழுதப்பட்டது, சோர்ட் எழுதப்பட்டது, கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் 'பாஷ்' 1989ஆம் ஆண்டில் வெளிவந்தது.

குறையாக நின்றது, கணினியின் வன்பொருளை ஆளும் 'கேர்ணல்' எனப்படும் கருப்பகுதி ஒன்றே. அக்குறையை நிரப்பியவர் ஒரு மாணவர். டனன்பௌமின் பாடநூலைக் கற்ற ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தம் வீட்டுக் கணினிக்கென ஒரு கருப்பகுதியை எழுதத் தொடங்கி, 1991 ஓகஸ்ட் 25ஆந் திகதி அறிவித்தார். வெறும் பொழுதுபோக்கு முயற்சியென்றே அவர் அதனைக் கருதினார். அதன்மேல் முதலில் இயங்கியவற்றுள் பாஷும் க்னூவின் நிரல்பெயர்ப்பியும் அடங்கும். 1992ஆம் ஆண்டில் அவர் அதனைப் பொது உரிமத்தின்கீழ்க் கொண்டுவந்தார். 'லினக்ஸ்' என்று உலகம் அழைக்கும் முறைமை இவ்வாறு பல கைகள் கூடிச் செய்தது. தனியொரு மேதையின் படைப்பன்று.

வென்றோர் யார்?

2001ஆம் ஆண்டிலே மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் தலைமை அதிகாரி லினக்ஸைப் புற்றுநோய்க்கு ஒப்பிட்டுப் பேசினார். பதினைந்து ஆண்டுகள் கழிந்து, 2016ஆம் ஆண்டில் அந்நிறுவனமே தன் விண்டோஸ் மேசைக் கணினிக்குள் லினக்ஸின் கட்டளைக் கருவிகளை இயக்க வழிசெய்து கொடுத்தது. அப்பிள் நிறுவனமோ பேர்க்லியின் மரபில் வந்த கருவிகளைத் தன் மேசைக் கணினிகளில் 2001ஆம் ஆண்டு முதல் வைத்துள்ளது. ஆனால் 2007ஆம் ஆண்டிற் பொது உரிமத்தின் மூன்றாம் பதிப்பு, பயனாளரின் உரிமைகளை மேலும் இறுக்கிப் பாதுகாத்தபோது, அந்நிறுவனம் பாஷின் பழைய பதிப்போடு நின்றுகொண்டது. 2019ஆம் ஆண்டிற் கட்டுப்பாடு குறைந்த உரிமமுடைய வேறொரு கருவியை அதன் இடத்தில் முதன்மையாக அமர்த்தியது. கருவியை விரும்பினர், அதனோடு வந்த கடமையை விரும்பவில்லை. இதிலிருந்து பெறப்படும் பாடம் வெளிப்படை.

ஆகவே வெற்றிப் பாட்டுப் பாடுவதற்கு முன் ஒரு கணம் சிந்தித்தல் வேண்டும். பொதுச்சொத்தை வேலியிட்டுப் பறிப்பது பழைய முறை. அதனைப் பேணுவோரை வறுமையில் விட்டுவிட்டு விளைவை மட்டும் அறுத்துக்கொள்வது புதிய முறை. இணையப் பரிமாற்றங்களைப் பூட்டிக் காக்கும் 'ஓப்பின் எஸ்.எஸ்.எல்.' என்ற நிரலிற் பாரதூரமான பிழையொன்று 2014 ஏப்ரலில் வெளிப்பட்டது. வங்கிகளும் பெருவணிக நிலையங்களும் நம்பியிருந்த அந்நிரலுக்கு ஆண்டுதோறும் வந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டொலர் என்பதும், முழுநேரமாக அதனைப் பேணியவர் ஒருவரே என்பதும் அப்போதுதான் உலகுக்குத் தெரியவந்தது.

2024ஆம் ஆண்டு நடந்தது இதனினும் கொடிது. கோப்புகளைச் சுருக்கும் 'எக்ஸ்.இசெட்.' என்னும் கட்டளைக் கருவியை ஒருவர் ஊதியமின்றி ஓய்வு நேரத்திற் பேணிவந்தார். களைத்திருந்த அவரைச் சில போலிப் பெயர்கள் விரைவுபடுத்துமாறு நெருக்கின. உதவிக்கு வந்த மற்றொரு போலிப் பெயர், இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக நம்பிக்கையைச் சம்பாதித்து, இறுதியிற் பிறர் கணினிகளுக்குள் இரகசியமாக நுழையும் கள்ளக்கதவொன்றை அக்கருவிக்குள் வைத்துவிட்டது. அன்ட்றெஸ் புறொயின்ட் என்னும் பொறியியலாளர், தம் கணினியில் நுழைய அரை விநாடி கூடுதலாகச் செல்வதைக் கண்டு ஐயுற்று ஆராய்ந்து, மார்ச் 29ஆந் திகதி அதனை வெளிப்படுத்தினார். உலகின் எண்ணற்ற கணினிகள் அதனாற் காப்பாற்றப்பட்டன.

இந்நிகழ்ச்சி இரு உண்மைகளை ஒருங்கே உரைக்கின்றது. மூலம் திறந்திருந்தமையாலேயே வெளியார் ஒருவர் தோண்டிப் பார்த்துக் குற்றத்தைக் கண்டுபிடிக்க முடிந்தது. அதே வேளை, திறந்த மூலத்தைப் படிக்க ஆளில்லாவிடில் அது மூடிய மூலத்தைவிடப் பெரிய காவலன்று. படிக்கும் உரிமை சட்டத்தால் வருவது. படிக்கும் கண்கள் கல்வியால் வருபவை.

நமக்கு என்ன?

தமிழ் படிக்கும் நமக்கு இதில் என்ன உறவு என்று வினவலாம். 1986ஆம் ஆண்டில் டொனால்ட் க்னூத் என்னும் பேரறிஞர், ஒரு நூலில் மிகுதியாக வரும் சொற்களை எண்ணிக் காட்டும் நிரலொன்றைப் பல பக்கங்களில் அழகுற எழுதினார். அதனை மதிப்பிட்ட மக்கில்றோய், முன்பே உள்ள சிறு கருவிகளைக் குழாய்களால் இணைத்து ஆறே கட்டளைகளில் அதே வேலையைச் செய்து காட்டினார். இலக்கிய ஆய்வாளர் எவருக்கும் பயன்படும் வேலை அது. ஆயின் அக்கட்டளைகள் அறிந்தவை ஆங்கிலத்தின் 26 எழுத்துக்கள் மட்டுமே. தமிழ் நூலொன்றை அவற்றினூடே செலுத்தினால் எழுத்தல்லாதவை என்று அனைத்தையும் தள்ளிவிடும்.

இக்குறை ஓரளவு நீங்கியதற்கும் அதே மரபினரே காரணர். 1992 செப்ரெம்பரில் கென் தொம்சனும் றொப் பைக்கும் நியூ ஜேர்சியின் உணவுச்சாலையொன்றிலே, மேசையில் விரித்த தாளில், 'யூ.ரி.எப்.-8' என்னும் குறியீட்டு முறையை வரைந்தனர். பழைய கருவிகளைக் குலைக்காமலே உலகின் எல்லா எழுத்துக்களும் அக்குழாய்களினூடே பாய அது வழிசெய்தது. தமிழும் இன்று அவ்வழியே பாய்கின்றது. எனினும் 'கோ' என்ற ஓரெழுத்தைக் கருவியிடம் எண்ணக் கொடுத்தால், ககரம் ஒன்று, ஓகாரக் குறி ஒன்று, ஆக இரண்டு என்றே அது விடை கூறும். தொல்காப்பியர் கண்ட எழுத்து வேறு, கருவி காணும் எழுத்து வேறு. இதனைத் திருத்தித் தருமாறு யாரிடம் மன்றாடுவது? யாரிடமும் வேண்டியதில்லை. மூலம் திறந்திருக்கின்றது. 1977ஆம் ஆண்டிலே 'ஓக்' என்னும் கருவியைப் படைத்த மூவருள் ஒருவரான பிறையன் கேர்ணிகன், தம் எண்பதாவது வயதில், 2022ஆம் ஆண்டிலே, அதனைத் திறந்து உலக எழுத்துக்களைக் கையாளுமாறு திருத்தினார். அவருக்கு இயன்றது நம் மாணவருக்கும் இயலும்.

கணினிக் கல்வி என்ற பெயரிற் பல இடங்களில் நடப்பது, ஒரு கொம்பனியின் பொருளிலே எந்தப் படத்தை எப்போது சுட்டுவது என்னும் பயிற்சியேயாகும். அது வாடிக்கையாளரை உருவாக்கும், கற்றவரை உருவாக்காது. பழைய, மெதுவான கணினியொன்றிலும் கட்டளை வரி இயங்கும். அதற்குப் பணம் வேண்டியதில்லை. ஒரு மாணவன் தன் கையால் ஒரு கட்டளையை எழுதி, அதன் விடை எவ்வாறு வந்தது என்று வினவி, அக்கருவியின் மூலத்தைத் திறந்து ஒரு வரியையேனும் படித்துப் புரிந்துகொள்வானாயின், லயன்ஸ் தொடங்கிய வகுப்பு நம் வகுப்பறையிலும் தொடர்கின்றது எனலாம். சட்டத்தின் தற்செயலாற் கிடைத்து, வேலியிட்டுப் பறிக்கப்பட்டு, கூட்டுழைப்பால் மீண்ட உரிமை இது. பயன்படுத்துவோர் மட்டும் பெருகிப் படிப்போர் அருகினால், தடை எதுவுமின்றியே அது மீண்டும் நம் கையை விட்டுப் போய்விடும். அவ்வாறு போகாமற் காக்கும் பணியில் ஆசிரியருக்கும் மாணவருக்கும் உரிய பங்கு பெரிது.